அழிக்காமல் விட்ட கடைசி வரி

எனக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்கு வந்திருக்கும் கலா போன வாரம் போன் செய்தாள். சின்னப் பெண். ஒப்பந்த வேலை. கழிப்பறைச் சுவருக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டி, கதவுகளையும் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டார்களாம்.

"ஆயாம்மா, டைல்ஸ் ஒட்டிட்டா எழுத்தே நிக்காதுன்னாங்க. இதுங்க மார்க்கர்ல எழுதி வச்சிக்கீதுங்க. தேச்சித் தேச்சி என் கை பூட்ச்சி. இன்னாத்துக்குத்தான் இதுங்க இப்டி கிறுக்குதுங்க?"

சானிடைசர் கொஞ்சம் ஊற்றித் துடை, வந்துவிடும் என்றேன். அதுவரைக்கும் சுலபம். அவள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முட்டி வலி வேறு. சாயங்காலம் செபமாலை சொல்லும்போதும் அதுவே நடுவில் நடுவில் வந்து நின்றது. பங்குக் கோயில் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சாமியாரும் கேட்டபடி இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பிள்ளைகள் ஏன் சுவரில் எழுதுகிறார்கள் என்பதைப் படித்தவர்கள் விவரமாகச் சொல்லுவார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். அவர்கள் எழுதியதை அழித்தவள் என்கிற முறையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் டிவிஎஸ் வண்டியில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு மீஞ்சூர் வரைக்கும் போய் விற்றவர். முதுகு போய் வீட்டில் உட்கார்ந்த பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். முதலில் தண்ணீர் பிடித்து வைக்கும் தினக்கூலி. பிறகு பகுதி நேரம். பிறகு நிரந்தரம். நிரந்தரமான வாரம் மாதா கோயிலில் ஒரு பூசைக்குக் கொடுத்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. பெருக்கினேன், கழுவினேன், மணி அடித்தேன், வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன்.

எங்கள் ஏரி கடலோடு சேருகிற ஏரி, காற்றில் உப்பு இருக்கிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு ஒரு மழைக்குள் பொரிந்துவிடும். பொரிந்த சுவரைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கை ஊறும். நகத்தால் சுரண்டினாலே எழுத்தாகிவிடுமே. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அழிக்கிற வேலைக்குக் குறைவே இருந்ததில்லை.

அதற்கும் ஒரு முறை உண்டு. கரியால் எழுதியதைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கக் கூடாது, சுவர் முழுக்க இழுகும். காய்ந்த துணியால் தட்டிவிட்டு, பன் ரொட்டியின் உள்பக்கத்தை உருட்டி ஒற்றி எடுக்க வேண்டும். நெயில் பாலிஷில் எழுதியதற்குத் தின்னர் ஊற்றினால் கதவுப் பெயிண்டும் சேர்ந்து கழன்றுவிடும். படகுக்கு அடிக்கும் பெயிண்டில் எழுதிவிட்டால் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துப் பிரயோசனம் இல்லை. நாலு நாளில் சுண்ணாம்பு உரிந்து, எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று சிரிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தோள்பட்டை விட்டுப்போன பிறகுதான் சுண்ணாம்பு. காம்பஸ் முனையால் கீறினதுக்கு மட்டும் மருந்து கிடையாது. பட்டி வைத்து அடைத்தாலும் சாய்ந்த வெயில் படும்போது தெரியும்.

முதலில் இருந்த பெரியவாத்தியார்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். யார் எழுதினது, பிடி, அடி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. எனக்கும் ஒரே உத்தரவு. மணி அடிப்பதற்குள் அழித்துவிட வேண்டும்.

கமலவேணி டீச்சர் தலைமை ஆசிரியையாக வந்த பிறகு அது மாறியது. பொன்னேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். வந்ததும் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள். வகுப்பறை, சைக்கிள் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று ஒரு சுற்று. எழுத்து இருக்கிற இடத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, முழுசாகப் படிப்பார்கள். முகம் மாறாது. படித்து முடித்துவிட்டு, "அழிச்சிடுங்க" அல்லது "இருக்கட்டும்". இரண்டில் ஒன்றுதான். அவர்கள் படிப்பதற்கு முன்னால் நான் எதிலும் கை வைக்கக் கூடாது.

தொடக்கத்தில் எனக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் சைக்கிள் கொட்டகையில் கெட்ட வார்த்தை ஒன்றை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"நகருங்க அந்தோணியம்மா."

"வேணாம் டீச்சர். அசிங்கமா கீது."

"நீங்க எழுதினதா?"

"ஐயோ மாதாவே!"

"அப்புறம் நீங்க எதுக்கு வெட்கப்படுறீங்க? நகருங்க."

படித்தார்கள். "எழுத்துப் பிழை வேற" என்றார்கள். அவ்வளவுதான்.

நடந்துகொண்டே எனக்குச் சொல்லுவார்கள். பாடம் நடத்துகிற மாதிரி இல்லை, தனக்குத்தானே பேசுகிற மாதிரி இருக்கும். "யார் எழுதினதுன்னு தேடுனா ஒருத்தன் கிடைப்பான், அடிக்கலாம். யாருக்கு எழுதினான்னு பார்த்தாத்தான் ஏதாவது புரியும்" என்பார்கள். அப்படிப் பார்க்கப் பார்க்க எனக்கும் பழகிவிட்டது. ஆறாவது, ஏழாவதுப் பிள்ளைகள் தங்கள் பேரையே எழுதுவார்கள், இனிஷியலோடு. நானும் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது அவர்களுக்கு. எட்டாவது வந்துவிட்டால் அடுத்தவன் பேரும் பக்கத்தில் ஒரு பெண் பேரும். அடுத்தவன் முகம் சிவப்பதைப் பார்க்க வேண்டும். ஆண் பிள்ளைகள் கூட்டாளி தோளில் ஏறியாவது உயரத்தில் எழுதுவார்கள். பெண் பிள்ளைகள் கதவுக்கு உள்பக்கம், சின்னதாக. கரியால் எழுதுகிறவனுக்கு விளையாட்டு. காம்பஸால் கீறுகிறவனுக்கு வேறு ஏதோ இருக்கிறது. ஒரு பையன் பெஞ்சில் தன் அப்பா பேரையே எழுதி, அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் கீறி வைத்திருந்தான். டீச்சர் அவனை ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சை மட்டும் மாற்றிவிட்டு, தினமும் சாக்பீஸ் டப்பா எடுத்துப்போக அவனைத் தன் அறைக்கு வரச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து அவனாகவே வாய் திறந்தான்.

சிரிப்பும் இருந்தது. ஒரு பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் தண்ணீர்த் தொட்டியின்மேல், "மாதாவே கணக்குல முப்பத்தஞ்சு போதும்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கீழே வேறு கையெழுத்தில் "முருகா எனக்கும்". அதற்கும் கீழே "அல்லா எனக்கு நாப்பது". டீச்சர் வெகுநேரம் பார்த்தார்கள்.

"இருக்கட்டும். ரிசல்ட் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

"எனக்கும் சேத்து ஒண்ணு எழுதிடட்டா டீச்சர்? முட்டி வலிக்கு?"

"இடம் இருந்தா எழுதுங்க."

இனி அந்த மூன்றாவது கதவு.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு நடந்தது இது. ஏரிக்கரைக் குப்பங்கள் பலவற்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒரு குப்பம். பேர் வேண்டாம். ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைக் குப்பத்தார் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதைப் பாடு என்போம். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் கிடைத்தால் இறால் அள்ளலாம். உள்ளே தள்ளிப் போய்விட்டால் குழம்புக்கு மட்டும்தான் தேறும். முறை உள்ள வீட்டுக்காரன் தவிர வேறு யாரும் அன்றைக்கு அந்த இடத்தில் வலை கட்டக் கூடாது. சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் குப்பத்தில் ஏழுமலை என்று ஒருத்தர். புயலில் தன் முறை வீணாகப் போய்விட்டதென்று இன்னொருத்தர் முறையில் வலை கட்டிவிட்டார். ஊர் கூடி, கோயில் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேள் என்றது. அவர் கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஊர்ச் சமாச்சாரத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதுதான் முந்தின தப்பைவிடப் பெரிய தப்பாகிவிட்டது. அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, பேசுகிற வீட்டுக்கும் வலை கட்ட முறை கிடையாது என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

ஏழுமலையின் மகள் ஜனனி ஒன்பதாவது படித்தாள். பெரியவர்களாவது மறைவில் ஒரு வார்த்தை பேசிவிடுவார்கள். பிள்ளைகள் ஒன்றை எடுத்துக்கொண்டால் முழுசாக எடுத்துக்கொள்வார்கள். ஷேர் ஆட்டோவில் அவள் ஏறினால் அந்தக் குப்பத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வகுப்பில் அவள் பக்கத்து இடம் காலி. மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் முதலில் போய்ப் பேசிப் பார்த்தார்கள். அவள் பதில் சொல்லாமல் சொல்லாமல், அவர்களும் விட்டுவிட்டார்கள். பேச்சு என்பதே அவளுக்கு மறந்துபோன மாதிரி இருந்தது.

பெண்கள் கழிப்பறையில் மூன்றாவது அறைக்குத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. அதனால் யாரும் போக மாட்டார்கள். ஒருநாள் காலை அந்தக் கதவின் உள்பக்கம், ரொம்பக் கீழே, உட்கார்ந்தால் மட்டும் கண்ணில் படுகிற உயரத்தில் ஒரே வார்த்தை. புருவம் தீட்டும் பென்சிலில் எழுதியது.

"சாப்ட்டியா?"

டீச்சர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். நிமிர நேரமானது.

"இது காட்டறதுக்கு எழுதினது இல்ல. யாரையோ கேக்குது. இருக்கட்டும்."

மறுநாள் அதன் கீழே பதில் இருந்தது. "ம். கருவாடு."

அதற்கு மறுநாள், "எங்க வீட்ல எறா. எடுத்தாரவா?" கீழே, "வேணாம். பாத்துருவாங்க."

இப்படியே போனது. சோசியல் நோட்டைத் தொட்டி மேல் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள். எங்கள் பூனை குட்டி போட்டது. உன் தலையில் பேன். உன் தலையிலதான்டி. பக்கெட்டும் துடைப்பமுமாக நின்றுகொண்டு நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். அந்தப் பென்சில் எழுத்து காய்ந்த துணி பட்டாலே போய்விடும். அழிப்பவருக்குக் கஷ்டம் வராமல் எழுதிய பிள்ளைகளை என் வேலைக் காலத்தில் அந்தக் கதவில்தான் பார்த்தேன்.

கதவு நிரம்பிவிட்டால் வேறு யார் கண்ணிலாவது படும். "எல்லாத்தையும் தொடச்சிடுங்க. கடைசி வரியை மட்டும் விட்டுடுங்க. அதுக்குப் பதில் வரணும்ல" என்றார்கள் டீச்சர். தினமும் சாயங்காலம் அப்படியே செய்தேன். தாழ்ப்பாளை மாற்ற ஆள் வேண்டும் என்று டீச்சர் மேலே எழுதவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு பக்கம் ஜனனி என்பது எழுத்திலேயே தெரிந்தது. இன்னொரு பக்கம் யார் என்பது ஒருநாள் தற்செயலாகத் தெரிந்தது. அந்த அறையிலிருந்து ஐஸ்வர்யா வெளியே வந்தாள், பென்சிலைத் தலைமுடிக்குள் செருகிக்கொண்டே. ஐசு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அதே குப்பம், அதே வகுப்பு. அவள் அப்பா தசரதன் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருத்தர். வீட்டில் இருப்பதே அப்பாவின் போன் ஒன்றுதான். அதில் பேசவும் முடியாது, செய்தி அனுப்பவும் முடியாது. இரண்டு பேரும் ஒன்றாவது வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து என் செபமாலையில் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. சுற்று வரும்போது கதவில் இது இருந்தது.

"ஞாயித்துக்கெழம எனக்கு நிச்சயம். ஆந்திரா மாமா. இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டேன். அழாத."

டீச்சர் அங்கே கிடந்த பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு வேணாம்னு ஒரு வார்த்தை இல்ல இதுல. பாத்தீங்களா?" என்றார்கள். "கேக்க ஆள் இருக்குன்னு அவளுக்குத் தெரியல."

"ஆபீசருக்குப் போன் பண்ணுங்க டீச்சர். பதினாலு வயசுக் கொழந்த."

"பண்ணத்தான் போறேன். பண்ணினா, ஊர்ல முதல் கேள்வி என்னவா இருக்கும்? அந்த வீட்டு விஷயம் எப்படி வெளிய போச்சு, யார் அதுகூடப் பேசினாங்கன்னு. ஐசு அப்பாவுக்கு இந்தத் தடவை எந்த இடம்னு சொன்னீங்க?"

"முகத்துவாரம் டீச்சர். மார்க்கெட்ல எல்லாம் அதே பேச்சு. மூணு வருசம் கழிச்சி அந்த வூட்டுக்கு வந்துகீது."

"அதான்" என்றார்கள்.

ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போனால் இன்னொரு பிள்ளையின் வீட்டு வயிற்றில் அடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலை மணியை நான் பிந்தித்தான் அடித்தேன்.

வியாழக்கிழமைதான் பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் நாள். வகுப்பிலேயே கொடுப்பதுதான் வழக்கம். அன்றைக்கு ஒன்பதாவதுப் பெண்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்கு வரச் சொன்னார்கள். எல்லாரும் வந்தார்கள், மாத்திரை போட்டார்கள், போனார்கள். நான் சொம்போடு நின்றேன். ஜனனி வந்தபோது டீச்சர் கதவைப் பாதி சாத்தச் சொன்னார்கள்.

"ஞாயித்துக்கிழமை எங்கயாவது போறியாம்மா?"

ஜனனி மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த துடைக்கிற துணியைப் பார்த்தாள்.

"கதவப் படிச்சீங்களா?"

"படிச்சேன்" என்றார்கள் டீச்சர். "இன்னைக்கு மட்டும் இல்ல. எல்லா நாளும்."

"ஐசு படிச்சிட்டாளா?"

"தெரியல."

"அவ பேரு வரக்கூடாது டீச்சர். அவங்க அப்பாவுக்கு மொற போயிடும்."

"நீ எங்கிட்ட வாயால சொன்னா அவ பேர் வராது. எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, ஜனனி சொன்னான்னு சொல்லுவேன். டீச்சர்கிட்டப் பேசக்கூடாதுன்னு உங்க ஊர்ல யாரும் சொல்லலையே?"

அந்தப் பிள்ளை தொண்டையைச் செருமினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஞாயித்துக்கெழம நிச்சயம் டீச்சர். எனக்கு வேணாம். நான் படிக்கணும்."

"கேட்டுச்சு" என்றார்கள் டீச்சர். "அந்தோணியம்மா, உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டீச்சர்."

டீச்சர் போனை எடுத்தார்கள். என்னைப் பார்த்து, "கதவைக் கழுவிடுங்க. இன்னைக்குக் கடைசி வரியும் வேணாம்" என்றார்கள். காய்ந்த துணியே போதும். நான் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மத்தியானம் ஐசு என்னிடம் வந்து நின்றாள்.

"ஆயாம்மா, அந்த மூணாவது கதவ இன்னாத்துக்குக் கழுவுனீங்க?"

"கதவுன்னா கழுவத்தான்டி வேணும்."

"அதுல ஒண்ணும் எழுதலையா?"

"எழுதி இருந்தா எனக்கு இன்னாடி தெரியும்? கண்ணே தெரியல எனக்கு."

போய்விட்டாள். அவள் நடையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உன்கிட்டச் சொல்லாமல் ஜனனி எங்கேயும் போகவில்லையடி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மாதா பேரைச் சொல்லி அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். ஏழுமலையையும் அவர் பெண்சாதியையும் பள்ளிக்கூடத்துக்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஜீப்பு வந்ததைக் கேள்விப்பட்டு, ஏழுமலை மறுபடி ஸ்டேஷனுக்குத்தான் போகிறார் என்று நினைத்துக் குப்பத்துப் பெரியவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மூன்று பேர். முன்னால் வந்தவர் சின்னத்தம்பி, தலையாரி மாதிரி பேசுகிறவர். இன்னொருத்தர் ஐசுவின் அப்பா தசரதன்.

ஏழுமலை வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று சொன்னார். "நான் கொழந்தயக் கொல்லப் பாக்கல மேடம். ஊர்ல ஒருத்தன் பந்தக்கால் புடிக்க வரமாட்டான். நாளைக்கு நான் செத்தா தூக்க ஆள் இல்ல. இவள எங்கனா பத்தரமான எடத்துல குடுத்துட்டா போதும்னு இருந்தேன். தப்புதான்." அவர் பெண்சாதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பதினெட்டு வயசுக்கு முன்னால் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். ஜனனியும் திருவள்ளூரில் இருக்கும் அவர்கள் ஆபீஸ் வரைக்கும் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள்.

சின்னத்தம்பி டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, இது முடிஞ்சிது. சந்தோசம். இந்த வூட்டு சமாச்சாரம் உங்க காதுக்கு எப்டி வந்துச்சின்னு மட்டும் சொல்லுங்க."

"மாணவி சொன்னா."

"எது, இதுவா?" என்று சிரித்தார். "ஆறு மாசமா ஆட்டோல வருது, வாயில கொழுக்கட்ட வச்ச மாதிரி. இது சொல்லுச்சா? எங்க ஊர்ப் பொண்ணுங்க யார்னா தூது போச்சா, அத்தச் சொல்லுங்க."

தசரதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ சந்தேகம் இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

ஜனனி ஒரு அடி முன்னால் வந்தாள். "நான்தான் சொன்னேன், பெரீப்பா. எனக்கு வாய் கீது."

விலக்கி வைத்த வீட்டுப் பிள்ளை சின்னத்தம்பியைப் பெரியப்பா என்று கூப்பிட்டுவிட்டது. திருப்பித் திட்டினாலும் பேசினதாகிவிடும். அவர் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார்.

எல்லாரும் வாசலுக்கு வந்தோம். பிற்பகல் இடைவேளை மணி அடித்திருந்தது. குழாயடியில் ஒன்பதாவதுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஜனனி தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஜீப்புப் பக்கம் நடந்தாள். அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவளைத் திரும்பக் கொண்டுவருவார்களா, ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போகிறார்களா என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஐசுவுக்கும் தெரியாது.

"ஏய் ஜனனி!"

மைதானம் முழுக்கக் கேட்டது.

"டிபன் பாக்ஸ உட்டுட்டுப் போறடி!"

ஐசு வரிசையை விட்டு ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஜீப்பு வரைக்கும் ஓடி, ஜனனி கையில் வைத்தாள்.

"திங்கக்கெழம வந்துருவேன்டி" என்றாள் ஜனனி.

"வரலன்னா உன் நோட்டெல்லாம் கிழிச்சிப் போட்ருவேன் பாத்துக்க."

ஜீப்பு போய்விட்டது. ஐசு அங்கேயே நின்றாள். அப்போதுதான் அவளுக்குத் தன் அப்பா நிற்பது தெரிந்தது.

"தசரதா, உம்பொண்ணு பேசுது" என்றார் சின்னத்தம்பி.

"எனக்கும் காது கேக்குது."

"கட்டுப்பாடு இன்னான்னு தெரியும்ல?"

"தெரியாம? நானும்தான் கை தூக்குனேன்." தசரதன் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். "இந்த மொற என் பேரக் கூப்டாதீங்க. அடுத்தவனக் கூப்டுங்க."

"முகத்துவாரம்டா. யோசிச்சிச் சொல்லு."

"சொல்லிட்டேன்ல?" பிறகு மகளைப் பார்த்து, "வெயில்ல நிக்காத. கிளாசுக்குப் போ" என்றார். அவரும் பெரியவர்களோடு சேர்ந்தேதான் நடந்து போனார்.

அந்தச் சுற்று முழுக்க தசரதன் வலை கரையில் கிடந்தது. அவர் ஒரு இறால் கம்பெனியில் ஐஸ் பெட்டி தூக்கப் போனார் என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். ஏழுமலை வீட்டுக் கட்டுப்பாடு அதற்கடுத்த கோயில் திருவிழாவில்தான் முடிந்தது. அவர் விழுந்து கும்பிட்டாராம், ஊர் எழுப்பிவிட்டதாம். அது எங்களால்தான் முடிவுக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன். டீச்சருக்கு அந்த வருஷக் கடைசியில் மாற்றல் வந்துவிட்டது. போகும்போது குடையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். புதிதாக வந்தவர் முதல் வேலையாகத் தாழ்ப்பாளை மாற்றினார்.

ஜனனி சொன்னபடி திங்கட்கிழமை வந்தாள். அந்தக் குப்பத்து மற்றப் பிள்ளைகள் அப்போதும் பேசவில்லை. ஆனால் தசரதன் வீட்டுக்கு இனி இழக்க முறை எதுவும் இல்லை என்பதால் ஐசு பேசினாள். ஆட்டோவில் பேசினாள், வகுப்பில் பேசி முட்டி போட்டாள், குழாயடியில் பேசினாள். ஆறு மாதத்துப் பேச்சையும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டும் என்கிற மாதிரி இரண்டும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். தலை விண்விண்ணென்று தெறித்தது. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் பேசுங்கடி, தல வலிக்குது" என்று கத்தினேன். அவர்கள் காதில் விழவே இல்லை.